பதினைந்து கை, இரண்டு அங்குலம்

15.2-ஐ நான்கால் பெருக்கினான்.

60.8.

குதிரையை வாங்குகிறவர் அதன் உயரத்தை அங்குலத்தில் கேட்டிருந்தார். மனைவி ஜெசிந்தாவின் நோட்டில் எல்லாமே 'கை' கணக்கில் இருந்தது. ஒரு கை நான்கு அங்குலம். போனில் தேடித் தெரிந்துகொண்டான்.

லாயத்தைக் கவனிக்கும் மஸ்தான் பாய் எட்டிப் பார்த்தார்.

"பி.ஈ. படிச்சுட்டு இப்படிப் பண்றீங்களே சார். அது தசமப் புள்ளி இல்ல. பதினஞ்சு கை, அதுக்கு மேல ரெண்டு இன்ச்சு."

அடித்துவிட்டு 62 என்று எழுதினான்.

நோட்டில் மாதத்துக்கு ஒரு தேதி. தேதிக்கு நேரே ஓர் உயரம். 13.1. 14. 14.3. மிளகு என்ற அந்தக் குதிரை வளர்ந்துகொண்டே வந்தது.

வளர்ச்சி நின்ற பிறகும் அளந்திருந்தாள்.

15.2. 15.2. 15.2.

கடைசித் தேதி, மருத்துவமனையில் சேர்ந்த அன்று காலை. அன்று அவனிடம், மாடிப்படி ஏற முடியவில்லை என்று சொல்லியிருந்தாள்.

"மேடம் டேப்பே தொட மாட்டாங்க சார். கட்டைவிரலோட சேத்தா அவங்க கை சரியா நாலு இன்ச்சு. குளம்புல ஆரம்பிச்சு ஒண்ணு மேல ஒண்ணா வச்சுட்டே போவாங்க. இவரு கண்ண மூடிக்குவாரு, மகாராஜா."

அவன் நோட்டை மூடினான்.

பார்த்துக்கொள்ள நேரமில்லை, அதனால் விற்கிறேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.

சவப்பெட்டி செய்பவர் அவள் உயரம் கேட்டபோது, தன் தோளைத் தொட்டுக் காட்டினான். எண் தெரியவில்லை. அவளுக்கும் அவன் உயரம் தெரிந்திருக்காது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் அளந்துகொண்டதில்லை.

பாய் தண்ணீர் எடுக்கப் போனார்.

அவன் மிளகின் முன்னங்கால் அருகே குனிந்தான். குளம்பின் மேல் உள்ளங்கையைக் கிடையாக வைத்தான். அதற்கு மேல் அடுத்த கை.

மிளகு கண்ணை மூடியது.

முழங்கால். தோள். சூடான தோல், அடியில் மெல்லிய துடிப்பு. இத்தனை நாள் இது எதையும் தொட்டதில்லை.

பிடரி மயிர் முடிகிற மேடுவரைதான் உயரம். அங்கே பதினான்காவது கையிலேயே வந்துவிட்டான்.

அவன் கை பெரியது.

கையை எடுத்தான். மிளகு கண்ணைத் திறக்கவில்லை. மீதிக்காக நின்றது.

வாங்குகிறவர் போனில் அழைத்தார். அது அடித்து ஓய்ந்தது.

கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, மறுபடி குளம்பிலிருந்து தொடங்கினான்.