பேர்பெச்சுவா அக்காவின் கடற்கரைக் காணி

"பேர்பெச்சுவா அக்கா கடற்கரைக் காணியைக் குடுத்திட்டாவாம்!"

தேவாலயத்தில் பூசை முடிந்து சனம் தேத்தண்ணிக்கு வரிசையில் நிற்பதற்குள் செய்தி மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது.

ஜேர்மனியில் வுப்பர்டால் நகரில் இருக்கும் மன்னார்ச் சனத்துக்கு இதைவிடப் பெரிய செய்தி வேறில்லை. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் தீவுக்கு வரத் தொடங்கியதிலிருந்து, ஆடுகூட எட்டிப் பார்க்காத மணலுக்கெல்லாம் மவுசு வந்துவிட்டது. ஹோட்டல்காரர்கள் ஜேர்மனிக்கே போன் எடுத்துக் காணி கேட்கிறார்கள்.

ஊர் ஒன்றியத் தலைவர் பீலிக்ஸ் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"போன மாசம்தானே இதே மண்டபத்தில எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தனாங்கள்? ஹோட்டலுக்கு ஒரு பிடி மண்ணும் குடுக்கிறேல்லை எண்டு. அக்கா, உங்கட காணியில ஆக்கள் அளக்கினமாம், தூண் நடுகினமாம். உண்மையோ?"

பேர்பெச்சுவா அக்கா மேலங்கியை மாட்டிக்கொண்டு நின்றாள். முதியோர் இல்லத்தில் மத்தியான வேலை அவளுக்கு.

"ஓம் தம்பி, குடுத்தது உண்மைதான்."

"ஆருக்கு?"

"என்ர காணியை நான் விரும்பின ஆக்களுக்குக் குடுத்தனான். எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

அவ்வளவுதான். போய்விட்டாள்.

"பாத்தியளோ கொழுப்பை!"

"புருசன், பிள்ளை இல்லாத மனுசிக்கு என்னத்துக்கு இவ்வளவு ஆசை?"

பிறேமாவுக்கும் மனம் கொதித்தது. பீலிக்ஸின் மனைவி அவள். பிறந்தது யாழ்ப்பாணம், கல்யாணம் இங்கே. கணவனின் ஊரை அவள் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அந்த ஊருக்காக அவர் தொண்டை கிழியப் பேசும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும்.

இந்த வருசப் பெருநாள் சமையலில் பேர்பெச்சுவா அக்காவுக்கு இடமில்லை என்று முடிவாயிற்று. அதைப் போய்ச் சொல்லும் பொறுப்பு பிறேமாவின் தலையில் விழுந்தது.

அடுத்த நாள் தொங்கு ரயிலில் ஏறிப் போனாள். கதவைத் திறந்த அக்காவின் கையெல்லாம் மா.

"வா பிள்ளை, வா. ரொட்டி சுடுறன். சாப்பிட்டிட்டுப் போகலாம்."

"சாப்பிட வரேல்லை அக்கா. பெருநாள் சமையலுக்கு... நீங்கள் வரத் தேவையில்லையாம். உங்களோட ஒருத்தருக்கும் கதைக்க விருப்பமில்லை. எனக்கும்தான்."

 அக்கா தலையாட்டினாள்.

"சரி பிள்ளை. கறிக்கு மட்டும் கவனம். போன முறை நான் இல்லாத நேரம் ஆரோ உப்பை ரெண்டு தரம் போட்டவை."

அப்போது மேசையில் கிடந்த போன் அடித்தது.

"ஊரிலயிருந்து ஜெனிற்றா. கை மாவாக் கிடக்கு. கொஞ்சம் பிடி பிள்ளை."

பிறேமா வேண்டாவெறுப்பாகப் போனைத் தூக்கிப் பிடித்தாள். திரையில் இடுப்பில் குழந்தையோடு ஒரு இளம்பெண்.

"அக்கா, எங்கட வீட்டுக்குக் கூரை போட்டாச்சு! பாருங்கோ!"

அவள் தன் போனைச் சுழற்றிக் காட்டினாள். கடல் தெரிந்தது. கரையில் சின்னச் சின்னதாகக் கல்வீடுகள். ஒரு வீட்டு வாசலில் ஆம்பிளைகள் வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வீட்டுக்கு அப்போதுதான் தூண் நட்டிருந்தார்கள்.

பிறேமா திடுக்கிட்டுப் போனாள்.

"அக்கா... இது ஹோட்டல் இல்லையே?"

"ஆர் சொன்னது ஹோட்டல் எண்டு? கரைவலை இழுக்கிற சனம் பிள்ளை. காலங்காலமாக் குடியிருந்த காணியிலயிருந்து எழுப்பிப்போட்டாங்கள். கடலை விட்டிட்டு அதுகள் எங்க போகும்? மாரி வேற வருது. என்ர காணி சும்மாதானே கிடந்தது. அதுகளின்ர பேரிலயே எழுதிக் குடுத்திட்டன்."

"சும்மாவோ?"

"பின்ன?"

"இதை ஏன் அக்கா மண்டபத்தில சொல்லேல்லை? எவ்வளவு பேச்சுக் கேட்டியள்! நானும்..."

"சொன்னா, ஆரின்ர காணியிலயிருந்து எழுப்பினது எண்டு கேப்பினம் பிள்ளை. ஒரு குடும்பத்தின்ர பேர் சபையில நாறும். என்னைப் பேசினா என்னோட போகும். விடு. ரொட்டி கருகப்போகுது."

அக்கா சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். போன் இன்னும் பிறேமாவின் கையில்தான் இருந்தது.

"அக்காவுக்கு அங்க பேச்சு விழுந்ததோ?" ஜெனிற்றாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ சொல்லமாட்டா. நான் சொல்லுறன் கேளுங்கோ. காணிக்காரன் எங்களுக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் களவா ஹோட்டலுக்கு வித்துப்போட்டான். ஒரு நாள் விடிய மிஷினைக் கொண்டு வந்து நிக்கிறாங்கள். குழந்தையோட நடுமணலில நிண்டன் அக்கா. அந்த ஆளும் ஜேர்மனியிலதான் இருக்கிறார். பீலிக்ஸ் எண்டு பேர். உங்களுக்கு அவரைத் தெரியுமோ?"

அடுப்படி வாசலில் பேர்பெச்சுவா அக்கா ஓடிவந்து நின்றாள். கையில் தட்டகப்பை. சொல்லாதே, சொல்லாதே என்று தலையை ஆட்டினாள்.

பிறேமா அவளைப் பார்த்தாள். பிறகு போனை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"தெரியும் தங்கச்சி. நான் அவரின்ர மனுசி."