தொடுகோடு

"அது கணக்குப் போடற வழிண்ணா. நான் கேட்டது, வகைக்கெழுன்னா என்னன்னு."

மாடிப்படிக்குப் பின்னால் இருந்த காலி அறையில் தங்கை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அண்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான்.

"தொடுகோட்டோட சாய்வு."

"தொடுகோடுன்னா?"

"வளைவை ஒரே ஒரு இடத்துல தொட்டுட்டுப் போற கோடு. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

அவள் ஒரு தாளில் அலைபோல வளைவு வரைந்தாள். அதன்மேல் ஒரு கோடு இழுத்தாள். அது ஓரிடத்தில் உரசிவிட்டு, சற்றுத் தள்ளி வளைவை வெட்டிக்கொண்டு போனது.

"ரெண்டு இடத்துல படுதே. அப்ப இது தொடுகோடு இல்லையா?"

கணக்கில் என்றைக்கும் முதல் மார்க் அவன்தான். சூத்திரத்தைக் கொடுத்தால் பிய்த்து உதறிவிடுவான். ஏன் என்று கேட்டால்தான் தடுமாறுவான்.

"போன வாரம் இதே கேள்விலதான் மாட்டிக்கிட்டு முழிச்சே. இன்னிக்குத் துறைத்தலைவரே வந்து உக்காரப் போறாரு. திணறினா உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு. அப்புறம் இந்தக் காலேஜ்ல நான் எப்படித் தலைநிமிர்ந்து நடக்கறது?" என்றாள்.

"உனக்குத் தெரிஞ்சா சொல்லித் தொலையேன்."

"தெரிஞ்சா உன்கிட்ட ஏன் இப்படி உயிரை விட்டுக் கேக்கறேன்?"

அவன் தாளைத் தன் பக்கம் இழுத்தான். வளைவில் இரண்டு புள்ளிகள் வைத்து இணைத்தான். இரண்டாவதை முதலாவதன் அருகே நகர்த்தி மறுபடி இணைத்தான். இன்னும் அருகே. கோடு மெல்லத் திரும்பி, ஒரு நிலையில் அடங்கப் பார்த்தது. அவன் கை நின்றது.

"எத்தனை இடத்துல படுதுங்கறது விஷயமே இல்ல," என்றான் மெதுவாக. "இந்தப் புள்ளி கிட்ட வர வர, கோடு எதுல போய் அடங்குதோ அதுதான் தொடுகோடு. அந்த இடத்துல வளைவு எவ்வளவு வேகமா ஏறுதுன்னு அதோட சாய்வு சொல்லும்."

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பப் புரியுதுண்ணா. இதை இப்படியே சொல்லு."

மணி அடித்தது. அவள் முன்னால் ஓடினாள்.

அறைக்குள் துறைத்தலைவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவன் வாசலில் தயங்கி, மூச்சை இழுத்துவிட்டு உள்ளே கால் வைத்தான்.

அவனைக் கண்டதும் வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது. மூன்றாவது பெஞ்சில் தங்கையும் மற்றவர்களோடு சேர்ந்து சொன்னாள்: "குட் மார்னிங், சார்."