வெட்டுத்துண்டு

மலைச்சாமி நைட்டி வெட்டினால் தரையில் ஒரு கைப்பிடி துண்டுகூட விழாது. செட்டியார்பட்டி கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகச் சேர்ந்த முதல் நாளே அந்தத் திறமையைக் காட்டிவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தார்.

முதலாளி கனகலட்சுமி வந்தார். சுத்தமாகக் கிடந்த தரையைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது.

"வெட்டுத்துண்டு எங்க மாஸ்டர்?"

"ஒண்ணும் விழல மேடம். நெருக்கிப் போட்டு வெட்டிட்டேன்ல!"

"எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீகளே! சென்னையிலருந்து வர்றவிய ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டிட்டாவளாம். புதுத் துணியப் பிரிச்சு, கண்டபடி வெட்டித் தள்ளுங்க. ஒரு மூட்டையாவது வேணும்!"

வயிறு எரிய எரிய மலைச்சாமி வெட்டினார். கொழுப்பெடுத்த பொம்பள என்று கத்தரிக்கோலிடம் சொல்லிக்கொண்டார்.

சென்னையிலிருந்து காரில் வந்த அம்மா மூட்டைக்குள் கைவிட்டுத் துண்டுகளை அள்ளி உருகிப்போனார். "நீங்க மட்டும் இல்லேன்னா இதெல்லாம் குப்பைக்குத்தானே போயிருக்கும்?"

"ஆமா மேடம். மனசு கேக்கல. அதான் ஒரு துண்டக்கூட எறியாம ஒட்டுப்போட்டுப் பை தைக்கோம். வெளிநாட்டுக்காரன் போட்டி போட்டு வாங்குதான்."

'பூமியைக் காத்த பெண்மணி' கேடயத்தைக் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு கார் கிளம்பியது.

மலைச்சாமி மெல்ல வந்து தலையைச் சொறிந்தார். "மேடம், காலையில வெட்டுன நைட்டி அம்புட்டும் அப்படியே கெடக்கே. தைக்கக் குடுத்துரவா?"

"நைட்டியா? அத எவன் கேட்டான்? துண்டு விழணுமேன்னுதான் நைட்டியே வெட்டச் சொன்னேன்."

கனகலட்சுமி கேடயத்தைத் துடைத்தபடி வாசலைக் காட்டினார்.

"குப்பைவண்டி வருது பாருங்க. அம்புட்டையும் ஏத்தி விடுங்க."