மாடிவீட்டு டம்பெல்

டொம்!

தலைமேல் இடி விழுந்த மாதிரி இருந்தது. சரியாகக் காலை ஆறு மணி.

ராத்திரி முழுக்க பேக்கரியில் மாவு பிசைந்துவிட்டு வந்து அப்போதுதான் கண்ணை மூடியிருந்தேன்.

டொம்!

"கூத்தைப் பாத்தீங்களா!" என்றாள் என் வீட்டுக்காரி. "புருஷன் போய் மூணு மாசம்கூட ஆகலை. மாடிவீட்டுப் பொண்ணு ஒரு வாரமா டம்பெல் தூக்குது. உடம்பை ஏத்தி யாருக்குக் காட்டப் போறாளாம்?"

"சும்மா இரு."

"என்னை அடக்குங்க! அந்தப் பையன் தூக்கினப்ப துடைப்பக்கட்டையால சீலிங்கை இடிச்சு இடிச்சுக் கத்துனீங்களே. இப்ப மட்டும் வாயடைச்சுப் போச்சா?"

சுருக்கென்று தைத்தது.

கத்தினது உண்மைதான். கடைசியாக ஒருநாள் படியேறிப் போய், "ஜிம்முன்னு ஒண்ணு எதுக்குய்யா இருக்கு? அங்க போய்த் தூக்கித் தொலையேன்!" என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். லிஃப்ட் மெக்கானிக். தங்கமான பையன். "மன்னிச்சுக்குங்கண்ணே" என்று சிரித்தான். மறுநாளே ஜிம்மில் சேர்ந்துவிட்டான்.

பத்தாவது நாள் விடியற்காலை, நல்ல மழை. ஜிம்முக்குப் போகிற வழியில் பைக் சறுக்கிவிட்டது. ஆஸ்பத்திரி வரைக்கும்கூட உயிர் தாங்கவில்லை.

அவனைப் போகச் சொன்னது நான்தான் என்று இன்றுவரை என் வீட்டுக்காரிக்குத் தெரியாது.

டொம்!

எழுந்து மாடிக்குப் போனேன். சண்டை போடவா, காலில் விழவா என்று எனக்கே தெரியவில்லை.

அந்தப் பொண்ணுதான் கதவைத் திறந்தாள். உடம்பில் அவனுடைய பழைய டி-ஷர்ட். முகமெல்லாம் வியர்வை.

"தூக்கம் கெட்டுடுச்சாண்ணே? கை நழுவிடுச்சு. இனிமே மெதுவா வைக்கப் பாக்கறேன்."

"உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? கை எப்படி நடுங்குது பாரு."

அவள் உள்ளறையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அத்தைக்காகத்தான்ணே. அவர் போன சேதி கேட்டு விழுந்தவங்க, ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்து போன வாரம்தான் வந்தாங்க. கால் வரலை. நடந்தது எதுவும் ஞாபகமில்லை. வந்ததும் வராததுமா 'எங்க என் பையன்? டம்பெல் சத்தத்தையே காணோமே'ன்னு கேட்டாங்க. டாக்டர் இப்போதைக்குச் சொல்ல வேணாம்னுட்டார்."

"ஜிம்முக்குப் போயிருக்கார்னு சொல்லிட்டாப் போச்சு. அதுக்காக நீ தூக்கணுமா?"

"அதையும் சொன்னேன்ணே. அன்னைக்கு முழுக்க வாசலையே பாத்துக்கிட்டுப் பட்டினி கிடந்தாங்க. வீட்டுல இருக்கார்னு நினைச்சாத்தான் ஒரு வாய் சாப்பிடறாங்க."

"முகத்தைப் பாக்கணும்னு கேட்டா?"

"'நீங்க தூங்கறப்ப வந்து பாத்துட்டு வேலைக்குப் போயிட்டார்'னு அத்தைகிட்ட சொல்லுவேன்."

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குள் அடுப்பில் பால் பொங்கித் தீயும் வாசனை. ஓடினாள்.

"கீழ்வீட்டுத் தம்பியா? இப்படி வாங்க."

உள்ளறையில் கட்டிலோடு கட்டிலாக மாடிவீட்டம்மா. பாதியாக இளைத்திருந்தார்.

"பையன்... பக்கத்து ரூம்லதான் இருக்கான்மா," என்று உளறினேன்.

"நீங்களுமா?" என்றார். "அவன் மூச்சு முட்டாம முப்பது எடுப்பான். இவ எட்டுக்கே மூச்சு வாங்கறா. பெத்தவளுக்குத் தெரியாதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்ப உங்களுக்கு..."

"மறந்தது நிஜம். வீட்டுக்கு வந்த மறுநாள் விடியறப்ப எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. கத்தி அழணும்னு வாயெடுத்தேன். பக்கத்து ரூம்ல டொம்முனு சத்தம். முந்தின நாள் வரைக்கும் தலைகூட வாராம சுவரைப் பாத்துக்கிட்டுக் கிடந்த பொண்ணு தம்பி அது. எனக்காக எழுந்திரிச்சுட்டா. தெரியும்னு நான் சொல்லிட்டா, நாளைக்கு எதுக்கு எழுந்திரிப்பா?"

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா, அவனை ஜிம்முக்குப் போகச் சொன்னதே..."

"தெரியும். வாசல்ல பேசறது இந்த ரூமுக்குக் கேக்கும்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் நிமிரவில்லை.

"இனிமே அதைப் பேசி அவன் வரப்போறதில்லை. எனக்கு ஒரு உதவி பண்ணுங்க தம்பி. அவன் தூக்கறப்ப தினம் கீழேருந்து கத்துவீங்கல்ல? இப்பக் கத்தறதில்லை. அதை வெச்சே நான் கண்டுபிடிச்சுடுவேனோன்னு அந்தப் பொண்ணு பயந்துக்கிட்டே இருக்கு."

மறுநாள் காலை ஆறு மணி.

டொம்!

துடைப்பக்கட்டையை எடுத்துச் சீலிங்கை இடித்தேன்.

"யோவ்! மனுஷன் தூங்க வேணாமா? அறிவில்லை? எத்தனை தடவைய்யா சொல்றது?"

அன்று படியேறிப் போய் அடுத்துச் சொன்னது ஜிம். இன்று அதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

என் வீட்டுக்காரி அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அடப்பாவி மனுஷா! புருஷனைப் பறிகொடுத்த பொண்ணைப் போய் இப்படிக் கத்தறீங்களே, உங்களுக்கெல்லாம் ஈவு இரக்கமே கிடையாதா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலேயே பார்த்தேன்.

டம்பெல் சத்தம் நின்றது. பிறகு மாடிவீட்டம்மாவின் குரல், தெருவுக்கே கேட்கிற மாதிரி:

"டேய், கீழ்வீட்டண்ணன் திட்டறார் பாரு! மெதுவா வைடா கண்ணா!"