பட்டத்து யானையின் மாலை

"மாலை போடுகிறவன்தான் அப்புறம் ஆயுசுக்கும்..." என்று பெரியப்பா யானை எதையோ சொல்லியிருந்தது. மிச்சம் பட்டத்து யானைக்கு மறந்துபோயிற்று.

ராஜா வாரிசில்லாமல் இறந்துவிட்டார். யானை யாருக்கு மாலை போடுகிறதோ அவர்தான் அடுத்த ராஜா. முரசு அதிர, ஊரே தெருவில் திரண்டு கழுத்தை நீட்டியது.

"அண்ணே, தளபதி இரும்புக் கவசத்தோடு நிற்கிறார்! தொந்தி வியாபாரி உனக்குக் கரும்புக் கட்டே இறக்கியிருக்கிறார்!" காதோரம் மைனா குதித்தது. "நீ யாருக்குப் போட்டாலும், தெய்வம் காட்டிய ஆள் என்று ஆயிரம் வருஷம் பாடுவார்களாம்!"

"அது கிடக்கட்டும். ராஜாவாகிறவர் எங்கே உட்காருவார்?"

"இதென்ன கேள்வி? உன் முதுகில்தான், ஆயுசுக்கும்!"

பெரியப்பா சொன்ன மிச்சம் பளிச்சென்று நினைவுக்கு வந்தது. பழைய ராஜாவைச் சுமந்த முதுகு இன்னும் வலித்தது. கவசத்தையும் கரும்பையும் தாண்டி விறுவிறுவென்று நடந்த யானை, கூட்டத்திலேயே ஒல்லியான ஆளின் கழுத்தில் மாலையைப் போட்டது.