ஆளுக்கு ஒரு பாட்டில்

பெல்ஜியத்தில் அந்த பியர் ஆலை வாசலில் விடியும் முன்பே வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது. மூன்று வருடம் பீப்பாயில் ஊறிய பியர். மொத்தமே முந்நூறு பாட்டில், ஆளுக்கு ஒன்று.

“இந்தக் குளிர்ல நம்மள நிக்க வெக்கிறானே, இதைச் செஞ்சவனைக் கொண்டாந்து வரிசையில நிறுத்தணுங்க!” என்றான் யெரூன்.

முன்னால் நின்ற பெண் சிரித்தாள். “அப்படியும் எதுக்கு நிக்கிறீங்க?”

“என் மக பிறந்த வாரம் பீப்பாய்ல ஊத்தினதாம். அவ கல்யாணத்துக்கு எடுத்து வெக்கணும்.”

கடைசிப் பாட்டில் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது. யெரூனின் முகம் தொங்கிப்போனது. அவள் திரும்பி, பாட்டிலை அவன் கையில் வைத்துவிட்டு நடந்தாள்.

“யாருங்க அவங்க?”

“இதைச் செஞ்சவங்களே அவங்கதான்” என்றார் விற்பவர். “‘வரிசையில நின்னாத்தான் எனக்கும் பாட்டில்’னு அவங்களே போட்ட சட்டம். வருஷா வருஷம் நிக்கிறாங்க. ஒண்ணுகூட இன்னும் அவங்க வீடு போய்ச் சேரல.”