தொட்டி தெரியுதா?

ஓடுபாதை முழுக்கப் பனிமூட்டம். அந்தச் சிறிய விமான நிலையத்தில் ஒரு விதி உண்டு. ஓடுபாதையின் மறுமுனைத் தண்ணீர்த் தொட்டி விமானியின் கண்ணுக்குத் தெரிந்தால்தான் விமானம் கிளம்பலாம்.

விமானத்துக்குள்ளே நாலு பயணிகள். "இதுக்கு நடந்தே போயிருக்கலாம்" என்றார் ஒருவர்.

ரேடியோ ஸ்பீக்கரில் விமானியின் மனைவி பேசினாள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் உட்கார்ந்து விமானம் கிளம்ப அனுமதி தருவது அவள் வேலை.

"தொட்டி தெரியுதாங்க?"

விமானி கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தான். சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரே வெள்ளை.

"தெரியுது."

"நல்லா பார்த்துச் சொல்லுங்க."

"அட, பளிச்னு தெரியுதுங்கறேன்! மேல ஒரு காக்காகூட உக்காந்திருக்கு. போதுமா?"

பயணிகள் சிரித்தார்கள்.

"எஞ்சினை அணைச்சுட்டு இறங்கி வாங்க."

"ஏன்?"

"அந்தத் தொட்டியை நேத்து சாயங்காலமே இடிச்சுத் தள்ளியாச்சு. வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம்னு பார்த்தா, நீங்க படுத்துத் தூங்கிட்டீங்க."

பின்னால் நாலு பெல்ட்டுகள் கழலும் சத்தம் கேட்டது.

ரேடியோ மறுபடி கரகரத்தது.

"காலையில பிரஷர் மாத்திரை போட்டாச்சுன்னு சொன்னீங்களே, அதுவும் இந்தக் காக்கா மாதிரிதானா?"